ஓங்கிலின் மூளையும் தர்ஸ்டனின் அளவுகோலும்

2013 மே 17 அன்று மத்திய உயிர்க்காட்சியக ஆணையம் ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. டால்பின்களை வைத்து வித்தை காட்டும் காட்சியகங்களுக்கு இந்தியாவில் இனி அனுமதியில்லை என்பது அதன் சாரம். கொச்சியிலும் மகாராஷ்டிரத்திலும் அப்படியான காட்சியகங்களுக்குத் திட்டங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று உலகம் பூராவும் சுற்றியது: டால்பின்கள் அசாதாரண அறிவுள்ளவை, ஆகவே அவற்றை 'மனிதரல்லாத ஆட்கள்' என்று பார்க்க வேண்டும். உடனே, 'இந்தியா டால்பின்களுக்கு ஆள் என்ற தகுதி கொடுத்துவிட்டது' என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. நம்ம ஆட்களும் பெருமையோடு அதையே திருப்பிச் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. டால்பினின் நடத்தையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் பலர் அப்படிக் கருதுகிறார்கள் என்றுதான் அந்த வாக்கியம் சொல்கிறது. அரசு தன் வாயால் எதையும் சொல்லவில்லை, பிறர் கூற்றாகப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டது. இலக்கணம் படித்தவனுக்கு இது முதலில் கண்ணில் படும்.

இந்தச் சுற்றறிக்கைக்கு முன்கதை ஒன்று உண்டு, அது நம் கரையில் நடந்தது. 1998இல் மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'டால்பின் சிட்டி' என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். கருங்கடலின் டால்பின்கள். ஆறு மாதத்துக்குள் எல்லாம் செத்துப்போயின. வேலிக்கு அந்தப் பக்கம் வங்காள விரிகுடா. அதில் ஓங்கில்கள் அப்போதும் துள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கும். நம் மீனவர்கள் டால்பினுக்கு வைத்திருக்கும் பெயர் ஓங்கில், சில ஊர்களில் ஓங்கல். அந்தச் சொல் தெரியாத நகரத்துக்காகத்தான் பல்கேரியாவிலிருந்து விமானத்தில் வரவழைக்க வேண்டியிருந்தது.

'அங்கே செத்தது, ஆகவே இனி வேண்டாம்' என்று சொல்லித் தடை போட்டிருக்கலாம். 'வலிக்கிறது, ஆகவே வேண்டாம்' என்றும் சொல்லியிருக்கலாம். சுற்றறிக்கையில் துன்பமும் சாவும் இடம்பெறாமல் இல்லை. ஆனால் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்ட காரணம் அறிவு. அறிவுள்ளது, ஆகவே அடைக்காதே. இந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அறிவு குறைந்ததை அடைக்கலாம். வெளியே சொல்லப்படாத இந்தப் பாதிதான் எனக்கு முக்கியம்.

டால்பின் எப்போதிலிருந்து அறிவாளி ஆனது? ரொம்ப நாள் ஆகவில்லை. அசோகனின் ஐந்தாம் தூண் கல்வெட்டு கொல்லக்கூடாத உயிர்களின் பட்டியலைத் தருகிறது. அதில் வரும் 'கங்காபுபுடக'வைக் கங்கை டால்பின் என்று ஆய்வாளர்கள் பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். அங்கே அறிவு பற்றிப் பேச்சே இல்லை. கருங்கடல் நாடுகளுக்கு டால்பின் என்றால் எண்ணெய். சோவியத் யூனியனும் பல்கேரியாவும் ருமேனியாவும் 1966இல்தான் வேட்டையை நிறுத்தின, துருக்கி 1983 வரை சுட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய்க்காகக் கொல்லப்பட்ட உயிர் ஒரே தலைமுறையில் வித்தைக்காரனாகி, பிறகு அறிவாளியாகி, பிறகு ஏறக்குறைய ஆளாகியது. இந்த மாற்றம் கடலில் நடக்கவில்லை, ஆய்வகத்தில் நடந்தது.

ஜான் லில்லி என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1950களின் நடுவில் ஃபுளோரிடாவில் டால்பின் மூளைக்குள் மின்முனைகளைச் செருக முனைந்தார். மயக்க மருந்து கொடுத்ததும் முதலில் எடுத்துக்கொண்ட டால்பின்கள் செத்துப்போயின. காரணம் பிறகுதான் புரிந்தது: டால்பினுக்கு மூச்சு தானாக ஓடுகிற விஷயமில்லை. ஒவ்வொரு மூச்சையும் அது விழிப்போடு எடுக்க வேண்டும், மயங்கினால் மூச்சு நின்றுபோகும். டால்பினின் நனவு பற்றி விஞ்ஞானம் படித்த முதல் பாடமே பிணங்களின் மேல் எழுதப்பட்டது. 1961இல் லில்லியின் 'மனிதனும் டால்பினும்' வந்தது. ஓரிரு பத்தாண்டுகளில் இன்னொரு உயிரினத்தோடு பேசிவிடுவோம் என்றார். வேற்றுக்கிரகவாசி வந்தால் எப்படிப் பேசுவது என்பதற்கு ஒத்திகை என்று நாசா பணம் கொடுத்தது. 1965இல் வர்ஜின் தீவுகளில் ஒரு வீட்டுக்குள் தண்ணீரை நிரப்பி, மார்கரெட் ஹோவ் என்ற இளம்பெண் பீட்டர் என்ற டால்பினோடு பத்து வாரம் குடியிருந்து அதற்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். யார் யாருக்கு மொழி கற்றுக்கொடுப்பது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நம் ஊர் மிஷன் பள்ளிகள் ஞாபகம் வருகிறதா? பணம் நின்றது, பீட்டரை மயாமியில் ஒரு தொட்டிக்கு மாற்றினார்கள், கொஞ்ச நாளில் அது செத்துப்போனது.

லில்லியிடம் வேலை பார்த்துவிட்டு ஹவாய்க்குப் போன கிரிகோரி பேட்சன் வேறு மாதிரி ஆள். டெல்யூஸ், கத்தாரி படித்த நண்பர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், அவர்களுடைய 'பீடபூமி' இவரிடமிருந்து எடுத்ததுதான். டால்பின்களின் பேச்சு பொருள்களைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை, உறவுகளைப் பற்றியதாக இருக்கலாம் என்றார் பேட்சன். 'மீன்', 'பந்து' என்ற பெயர்ச்சொற்களைத் தேடுவதே நம் கைகளின் பழக்கம், கையில்லாத உயிருக்கு 'நீ எனக்கு யார்' என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்கும் என்பது அவர் வாதத்தின் போக்கு. ஹவாயில் ஒரு பெண் டால்பினுக்கு வைத்த சோதனையை அவர் விவரிக்கிறார். புதிதாக ஏதாவது செய்தால்தான் மீன், நேற்றுச் செய்ததை இன்று செய்தால் கிடையாது. பதினான்கு அமர்வுகள் அது குழம்பியது, பழசையே திரும்பத் திரும்பச் செய்தது. அவ்வப்போது பயிற்சியாளர் விதியை மீறிச் சும்மாவும் மீன் போட்டார், இல்லாவிட்டால் உறவே முறிந்திருக்கும். பதினைந்தாவது அமர்வுக்கு முன் அது பரபரத்தது. மேடைக்கு வந்ததும் எட்டு அசைவுகளைக் காட்டியது, அதில் நான்கு அந்த இனத்தில் அதற்குமுன் யாரும் கண்டிராதவை. விதியைப் பற்றிய விதியைப் புரிந்துகொண்டுவிட்டது. எனக்கு இந்தக் கதையில் அறிவைவிடச் சும்மா போட்ட அந்த மீன்தான் பெரிதாகத் தெரிகிறது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1984இல் லூயிஸ் ஹெர்மன் குழு, கைச்சைகையால் ஆன செயற்கை மொழியில் சொல் வரிசை மாறினால் பொருள் மாறும் என்பது டால்பினுக்குப் பிடிபடுகிறது என்று காட்டியது. 2001இல் நியூயார்க் மீன்காட்சியகத்து டால்பின்கள் கண்ணாடியில் தம் உடம்பின் மேல் போட்ட குறியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன. 1970இல் சிம்பன்சி தேறிய தேர்வு அது. 2006இல் ஆசிய யானை தேறியது, 2008இல் ஒரு வகை மேக்பை பறவை, 2019இல் விரல் நீள மீன் ஒன்றே தேறிவிட்டது. மீன் தேறியதும் தேர்வே சரியில்லையோ என்று சந்தேகம் கிளம்பியது, சிம்பன்சி தேறியபோது இவ்வளவு சந்தேகம் கிளம்பவில்லை. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே விரிகுடாவில் டால்பின்கள் மூக்கில் கடற்பஞ்சை மாட்டிக்கொண்டு தரையைக் கிளறுகின்றன, தாயிடமிருந்து மகள் கற்கிறாள். ஒவ்வொரு டால்பினுக்கும் தனிச் சீழ்க்கை உண்டு, அதைப் பெயர் என்றே சொல்லலாம் என்கிற அளவுக்கு 2013 ஆய்வு போகிறது. அதே விரிகுடாவில் ஆண்கள் கூட்டணி சேர்ந்து பெண்ணைச் சுற்றிவளைத்து வாரக்கணக்கில் விடாமல் ஓட்டிக்கொண்டு திரிவதும் பதிவாகியிருக்கிறது. டால்பின் சிரிப்பது அதன் தாடையின் அமைப்பு, அவ்வளவுதான். செத்தாலும் சிரித்துக்கொண்டேதான் கிடக்கும்.

இனி அளவுகோலுக்கு வருவோம். மூளையின் எடைதான் அறிவு என்றால் மனிதனுக்கு 1350 கிராம் அளவில், போத்தல்மூக்கு டால்பினுக்கு 1600 கிராம் அளவில், யானைக்கு 5 கிலோ, ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு 8 கிலோ. மனிதன் தோற்கிறான். சரி, உடம்போடு வகுத்துப் பார்ப்போம் என்றால் சுண்டெலி நம் பக்கத்தில் வந்து நிற்கிறது, சிட்டுக்குருவி நம்மைத் தாண்டிப் போகிறது. அதுவும் சரிப்படவில்லை. இந்த உடம்புக்கு இவ்வளவு மூளை எதிர்பார்க்கலாம், அதைவிட எத்தனை மடங்கு இருக்கிறது என்ற கணக்கை ஹாரி ஜெரிசன் 1973இல் விரிவாக முன்வைத்தார். அதில்தான் மனிதன் ஏழுக்கு மேல் வாங்கி முதல் இடத்துக்கு வருகிறான். டால்பினுக்கு நான்குக்கு மேல், சிம்பன்சிக்கு இரண்டரையை ஒட்டி, யானைக்கு இரண்டுக்குப் பக்கம். 2014இல் நீள்துடுப்பு பைலட் திமிங்கிலத்தின் மூளைப் புறணியில் 37 பில்லியன் நரம்பணுக்கள் என்று எண்ணிச் சொன்னார்கள், மனிதனுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. (பைலட் திமிங்கிலம் பெயரில்தான் திமிங்கிலம், குடும்பம் டால்பின் குடும்பம்.) இனி கணக்கு மறுபடி மாறும். இத்தனை பெரிய மூளை குளிர்நீரில் சூடுண்டாக்கத்தான், சிந்திக்க அல்ல என்று பால் மேங்கர் 2006இல் எழுத, அதை மறுத்து மறுவருடமே ஒரு பெரிய குழு எழுதியது. யார் மேலே வர வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்க, அதற்கேற்ற வாய்ப்பாட்டைத் தேடும் வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு.

அந்த வரலாற்றில் ஒரு அத்தியாயம் எழும்பூரில் நடந்தது. எட்கர் தர்ஸ்டன் 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் ஆனார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி 1890இல் எழுதினார். பிறகு அதே கை அளவுகருவியோடு மனிதர்களிடம் திரும்பியது. மண்டையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம். சமூகத்தில் ஒருவனின் படிநிலை அவன் மூக்கின் அளவைப் பின்பற்றிப் போகிறது என்று வடக்கே ரிஸ்லி சொல்லிக்கொண்டிருந்த காலம். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' வந்தது. அதன் முன்னுரையில் தர்ஸ்டன் ஒரு வேடிக்கைச் சம்பவமாகச் சொல்கிறார்: வயநாட்டில் இவரைக் கண்டதும் பணியர் பெண்கள் ஓடிவிட்டார்களாம், தங்களில் நல்ல மாதிரிகளைப் பிடித்துப் பாடம் செய்து மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்து.

அவருக்கு இது சிரிப்பு. எனக்கு அந்தப் பெண்கள் நிலைமையைச் சரியாகப் படித்தவர்கள் என்று படுகிறது. ஆமையும் சங்கும் அந்தக் கட்டடத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை வைத்துப் பார்த்தால் அவர்கள் முடிவில் என்ன தப்பு? அடிமைகளாக விற்கப்பட்ட வரலாறு உள்ளவர்கள் அவர்கள். அளக்க வருகிறவன் அடுத்து என்ன செய்வான் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கும் எழும்பூர் போனால் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்து மானிடவியல் காட்சிக்கூடத்துக்குப் போய்விடலாம்.

தர்ஸ்டனைத் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம்மிடமும் ஒரு ஏணி இருக்கிறது, தமிழ் எம்.ஏ. படிக்கிற யாரும் அதில் ஏறாமல் வர முடியாது. தொல்காப்பியம் மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரை. புல்லும் மரமும், பிறகு நத்தை வகை, பிறகு கறையானும் எறும்பும், பிறகு நண்டும் தும்பியும், பிறகு விலங்கு, உச்சியில் மக்கள். மேடைதோறும் இதை 'அன்றே சொன்னான் தமிழன்' என்று உயிரியலாக முழங்குகிறோம். இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறோம். ஒன்று, ஐந்தறிவு வரிசையில் விலங்கோடு சேர்த்து 'மாக்கள்' என்றொரு சொல்லும் நிற்கிறது. மனித உருவில் இருந்தும் ஆறாவது அறிவு இல்லாதவர்கள் என்று உரைகாரர்கள் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. அதாவது மனிதருக்கும் விலங்குக்கும் நடுவே கோடு போட்ட கணத்திலேயே சில மனிதர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டார்கள். இரண்டு, இதே மரபியலில்தான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாண் மாந்தர் என்ற நால்வகைப் பாகுபாடும் வருகிறது. பின்னால் நுழைத்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனால் நுழைத்தவனுக்கு எந்த இயலில் நுழைத்தால் பொருந்தும் என்று தெரிந்திருக்கிறது.

நன்னூல் வேறு கதை. பவணந்தி சமணர். அவர் கணக்கில் தேவரும் மனிதரும் நரகரும் விலங்கும் பறவையும் எல்லாம் ஐயறிவு உயிர்கள், ஒரே வரிசை. ஆறாவது அறிவு என்ற தனி மாடியை அவர் கட்டவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஒரு பள்ளிக்கூட இலக்கண நூல் இதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது, ஆனால் மேடையில் யாரும் நன்னூலை எடுப்பதில்லை. சுயமரியாதை இயக்கம் 'பகுத்தறிவு' என்று பிடித்துக்கொண்டது தொல்காப்பியத்து ஆறாவது அறிவைத்தான். சாமிக்கும் சாதிக்கும் எதிராக அந்த ஆயுதம் தேவைப்பட்டது, அதன் பலனை அனுபவிக்கிறவன் நான். ஆயுதம் ஏணியோடு சேர்ந்தே வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டால்பினை இந்த ஏணியில் ஏற்றிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். அதற்கு மோப்பம் கிடையாது, மூளையில் அதற்கான பகுதியே இல்லை. சுவையும் குறைவு. கங்கை டால்பினின் கண்ணில் வில்லை இல்லை, வெளிச்சம் இருட்டு தெரிவதோடு சரி. தொல்காப்பியக் கணக்கில் 2009இல் அறிவிக்கப்பட்ட நம் தேசிய நீர்விலங்கு கறையானோடு போய் நிற்கும்! எதிரொலியால் உலகைப் பார்க்கிற அறிவை எந்த எண்ணில் எழுதுவது? 'விலங்கு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லா உயிரையும் அடைப்பதே முதல் வன்முறை என்று தெரிதா 1997இல் ஒரு நீண்ட உரையில் வாதிட்டார். தமிழில் அந்தச் சொல்லுக்குக் காலில் மாட்டுகிற தளை என்றும் பொருள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசியபோது தோழர் ஒருவர் எழுந்தார். "தோழர், டால்பின் ஆளா இல்லையான்னு பேசறீங்க. மலக்குழியில இறங்கிச் சாகறவன் ஆளா இல்லையான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க" என்றார். கைதட்டல் அவருக்குத்தான். நியாயமான கோபம். டால்பின் சுற்றறிக்கை வந்த அதே 2013இல், செப்டம்பரில், மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 1993க்குப் பிறகு கழிவுநீர்க் குழிகளில் செத்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. டால்பின் காட்சியகம் என்று ஒன்றுகூட 2013க்குப் பிறகு திறக்கப்படவில்லை. ஒரு தடை வேலை செய்கிறது, இன்னொன்று செய்யவில்லை. ஏனென்று தோழருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டால்பின் இல்லாமல் நகரம் ஓடும்.

ஆனால் 'முதலில் நாங்கள், பிறகு விலங்கு' என்கிற இடத்தில் அவரோடு எனக்குச் சண்டை. ரேஷன் கடை மாதிரி வரிசை போட்டால், டோக்கன் கொடுக்கிறவன் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பசுவுக்கு ஒருவன் புனிதம் என்று டோக்கன் கொடுக்கிறான், அதன் பெயரால் தோலுரிக்கிறவர்களைக் கட்டிவைத்து அடிக்கிறான். டால்பினுக்கு இன்னொருவன் அறிவு என்று டோக்கன் கொடுக்கிறான். காளைக்கு 2014இல் நீதிமன்றம் கண்ணியம் என்று கொடுத்தது, 2017இல் மெரினாவில் கூட்டம் கூடியது, 2023இல் தமிழக அரசின் சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் முடித்தது. எல்லாம் மேலிருந்து வழங்கும் சான்றிதழ்கள். சான்றிதழ் கேட்டு நிற்கிறவர்களுக்குள் யார் முன்னால் என்று அடித்துக்கொள்வது, அளவுகோலைப் பிடித்திருக்கிறவனுக்கு வசதி. 'அறிவு குறைந்தவர்கள்' என்று சொல்லித்தானே படிப்பையும் பதவியையும் மறுத்தார்கள், 'தகுதி' என்ற பெயரில் இன்றும் அதைத்தானே கேட்கிறார்கள்? மூளையின் எடையைக் காட்டி டால்பினை உள்ளே விடுகிற வாசலில் நமக்கென்ன வேலை? 'ஆள்' என்ற சொல்லையே பாருங்கள். பண்ணையாள், படியாள், கூலியாள். தமிழில் ஆளாக இருப்பது பெரும்பாலும் இன்னொருவனுடைய ஆளாக இருப்பதுதான்.

நான் குடியிருப்பது திருவேற்காட்டில். கருமாரி கோயில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிறார்கள். பாம்புக்கு எத்தனை கிராம் மூளை என்று அங்கே யாரும் கேட்டதில்லை. பயம், நேர்த்திக்கடன், 'அவளும் நம்ம ஊருதான்' என்கிற ஒட்டு, இதெல்லாம் சேர்ந்த உறவு அது. இதை நான் உன்னதப்படுத்தவில்லை. கூவம் கரையோரம் புதிதாகப் பிரித்த மனையில் அதே பாம்பு தலைகாட்டினால் கம்போடு வருகிறவர்களும் பால் வைத்தவர்கள்தான். ஆனாலும் ஒன்றைச் சும்மா விடுவதற்கு அதன் அறிவை அளந்தாக வேண்டியதில்லை என்பதற்குப் புற்று ஒரு சாட்சி.

இன்னொரு சாட்சி தெற்கே. 1973 ஜனவரி 14, பொங்கலை ஒட்டி, மன்னார் வளைகுடாக் கரையில் 147 குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. நாற்பத்து மூன்று வருடம் கழித்து 2016 ஜனவரி 11 இரவு, திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில் மறுபடியும் எண்பதுக்கு மேல். ஏன் வந்தன என்பதற்கு ஊகங்கள் உண்டு, முடிவான விடை இல்லை. இவை தாய்வழிக் கூட்டங்களாக வாழ்பவை. பெண்களுக்கு மனிதரைப் போலவே மாதவிடாய் நிற்பு போன்ற ஒரு கட்டம் உண்டு, அதற்குப் பிறகும் பல வருடம் கூட்டத்தோடு இருப்பார்கள். ஒன்று கரையேறினால் மற்றது விட்டுப்போகாது. பேட்சன் சொன்ன 'நீ எனக்கு யார்' என்ற வாக்கியம் இங்கே சாவாக முடிகிறது. தனியாகத் தப்பிக்கத் தெரிந்திருந்தால் பிழைத்திருக்கும், அறிவுத் தேர்வில் அதற்குக் கூடுதல் மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும்.

மீனவர்கள் இறங்கினார்கள். வலையைக் கிழிக்கிற ஓங்கிலைத் திட்டுகிற அதே ஆட்கள். வலையில் சிக்கிச் செத்த ஓங்கிலைக் கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு வருமோ என்று கடலிலேயே தள்ளிவிடுகிற அதே ஆட்கள். தள்ளியும் படகில் கட்டி இழுத்தும் ஆழத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கூட்டத்தைத் தேடிப் பல திரும்பி வந்தன. திரும்பவும் இழுத்துப் போனார்கள். பாதிக்கு மேல் செத்தன. செத்தவற்றை விஞ்ஞானிகள் வந்து அளந்து மாதிரி எடுத்துக்கொண்ட பிறகு, இயந்திரம் வைத்துக் குழி தோண்டி அந்தக் கரையிலேயே புதைத்தார்கள்.